கார்பரேட்டரைச் சரிசெய்துவிட்டால் கணக்கு முடிந்ததா?



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் வரை செல்லும் சாலையை ஒட்டி வாழும் நம் குடும்பங்களில், மகன் வேலைக்குச் சேர்ந்த பின் வீட்டுக்கு வரும் முதல் பெரிய பொருள் பெரும்பாலும் ஒரு மோட்டார் சைக்கிள்தான். புதிய வண்டிக்கு வசதியில்லாதவர்கள் பழைய புல்லட் ஒன்றைத் தேடி வாங்குகின்றனர். சில வாரங்களில் அதன் சைலன்சர் கழற்றப்படுகிறது. பஞ்சாப் சைலன்சர், இந்தோரி, ஷார்ட் பாட்டில் என ஏதோ ஒரு பெயரில் ஒரு வெற்றுக்குழாய் அந்த இடத்தில் ஏறுகிறது. அடுத்த சில நாள்களில் ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் வண்டி ‘பட பட’வென வெடிக்கத் தொடங்குகிறது. மெக்கானிக் கார்பரேட்டரைத் திறக்கிறார். அதன் பிறகு அந்த இளைஞர் நம்மிடம் வந்து நிற்கிறார்: “ஹஜ்ரத், என் சம்பாத்தியத்துல வாங்கின வண்டி. சைலன்சர் மாத்தினேன், கார்பரேட்டரையும் சரியா ட்யூன் பண்ணிட்டேன். வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்ல. மார்க்கத்துல இதுக்கு என்ன தடை இருக்கு?”

ஃபத்வா வழங்கும் தகுதி எனக்கில்லை. அது முஃப்திகளின் பணி. ஆயினும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வியைக் கடந்து போகவும் இயலாது. “சைலன்சர் மாற்றுவது ஹராம்” என்று ஒரே சொல்லில் அடித்து அனுப்புவதும் எனக்கு உடன்பாடில்லை. அப்படி அனுப்பப்பட்டவர் நம்மிடம் மீண்டும் வருவதில்லை, சைலன்சரையும் மாற்றுவதில்லை. கேள்வியில் உள்ள நியாயத்தை முதலில் பேசுவோம். அதற்குக் கார்பரேட்டரைச் சற்றுத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

எஞ்சின் எரிப்பது பெட்ரோலை மட்டுமன்று, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இந்தக் கலவையைச் செய்வதே கார்பரேட்டரின் வேலை. ஆனால் அதற்கு அறிவு கிடையாது. குறிப்பிட்ட அளவு துளையுள்ள ஜெட்டுகள், ஓர் ஊசி, ஒரு திருகு ஆகியவற்றைக் கொண்டு, எஞ்சின் உறிஞ்சும் காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலை விடும். தொழிற்சாலையில் அந்தத் துளைகளின் அளவைத் தீர்மானித்தவர்கள், பின்னால் இன்ன சைலன்சர் இருக்கும், அது புகையை இவ்வளவு தடுக்கும் என்ற கணக்கின் மீதே தீர்மானித்தனர். தடுப்பு குறைந்த குழாயை மாட்டும்போது புகை விரைந்து வெளியேறுகிறது, காற்று கூடுதலாக உள்ளே வருகிறது, கார்பரேட்டரோ பழைய கணக்கிலேயே நிற்கிறது. கலவையில் பெட்ரோல் குறைந்துவிடுகிறது. இதைத்தான் பட்டறையில் ‘லீன்’ என்கின்றனர்.

லீனாக ஓடும் வண்டி பார்வைக்கு நன்றாகவே ஓடும். மைலேஜ்கூடச் சிறிது கூடியதுபோல் தெரியும். உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் பீங்கான் முனை சுண்ணாம்பாக வெளுத்திருக்கும். எஞ்சினிலிருந்து வரும் வளைந்த குழாய் நீலம் பாரிக்கும். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டனும் விலை கொடுக்கும். ஆகவே சைலன்சரை மாற்றியவர் கார்பரேட்டரைத் தொடாமல் விடுவது, தன் கைப்பொருளைத் தானே பாழாக்குவதாகும். பொருளை வீணாக்குவதை மார்க்கம் வெறுக்கிறது என்பதை நாம் அறிவோம். ட்யூன் செய்தேன் என்று அந்த இளைஞர் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

அந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இதிலும் அரைகுறை வேலைக்கே பலர் பணம் கொடுக்கின்றனர். முதலில் பார்க்க வேண்டியது கார்பரேட்டரை அன்று. புதிய குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தை. அங்கே கேஸ்கெட் சரியாக அமராவிட்டால் வெளிக்காற்று உள்ளே புகும். ஆக்ஸிலேட்டரை விடும்போது வெடிக்கும். கார்பரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தாலும் கலவை லீனாகும். சில புல்லட்டுகளில், எரியாமல் வெளியேறும் பெட்ரோலை எரிப்பதற்காகப் புகைவழியில் புதுக்காற்றைச் செலுத்தும் அமைப்பு ஒன்றும் உண்டு. வெற்றுக்குழாயில் அதன் காரணமாகவும் வெடிச்சத்தம் எழும். இவற்றைப் பாராமல் “லீன்தான்” என்று ஜெட்டை மாற்றுவது, தலைவலிக்காரருக்கு வயிற்று மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

பிறகுதான் கார்பரேட்டர். ஆக்ஸிலேட்டரைத் திருகத் தொடங்கும் முதல் கால் பகுதியைப் பைலட் ஜெட்டும் அதன் திருகும் ஆள்கின்றன. நடுப்பகுதியை நீடில் ஆள்கிறது. முக்கால் அளவுக்கு மேல் மெயின் ஜெட். எந்த இடத்தில் வண்டி தடுமாறுகிறதோ அந்த இடத்திற்குரியதைத்தான் தொட வேண்டும். எஞ்சின் நன்கு சூடான பின், பைலட் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஐட்லிங் எங்கே சீராக உயர்கிறது என்று காதால் கேட்டு நிறுத்த வேண்டும். எஞ்சின் பக்கம் உள்ள திருகானால் வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். காற்று வடிகட்டிப் பக்கம் உள்ள திருகானால் உள்ளே திருப்பினால் கூடும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நேர் எதிராகத் திருப்பும் பட்டறைகளும் உண்டு. நீடிலை ஒரு படி உயர்த்தினால் நடுப்பகுதியில் பெட்ரோல் கூடும். மெயின் ஜெட்டை ஓர் அளவுக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றக் கூடாது. ஓட்டிப் பார்த்துப் பிளக்கைக் கழற்ற வேண்டும்: வெளுப்பாக இருந்தால் இன்னும் லீன், கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, காபித்தூள் நிறம் வந்தால் சரி. காதும் கண்ணும் பொறுமையும் கேட்கும் வேலை இது. இதை ஒழுங்காகச் செய்யும் மெக்கானிக்கின் உழைப்பு மதிக்கத்தக்கது என்றே நான் கருதுகிறேன்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்த பின் புல்லட், கிளாசிக் உட்பட ராயல் என்ஃபீல்டு வண்டிகள் அனைத்தும் ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் ஜெட்டும் நீடிலும் இல்லை. வேலை கணினியிடம் போய்விட்டது. ஆனால் நம் தெருக்களில் ஓடும் பழைய 350கள் இன்னும் கார்பரேட்டர் வண்டிகளே.

இனி கேள்வியின் மறுபாதிக்கு வருவோம். கார்பரேட்டரைச் சரிசெய்ததன் மூலம் யாருடைய குறை தீர்ந்தது? எஞ்சினுடைய குறை தீர்ந்தது. உரிமையாளரின் குறை தீர்ந்தது. குழாயின் மறுமுனையில் நிற்பவர்கள் எவருடைய குறையும் தீரவில்லை. “வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை” என்ற வாக்கியத்தில் வண்டியைத் தவிர வேறெவரும் இல்லை என்பதை அந்தச் சகோதரர் கவனிக்கவில்லை.

நாம் வாழும் பகுதியை எண்ணிப் பாருங்கள். திருவொற்றியூரில் புல்லட் செய்துவந்த நிறுவனம் 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் ஆலைகளைத் திறந்தது. யமஹா ஆலையும் வல்லம் வடகாலில் இருக்கிறது. கார்பரேட்டர் செய்வதில் பேர்பெற்ற யூகால் நிறுவனம் மறைமலை நகரில். சாலைக்கு வருமுன் வாகனங்களைச் சோதிக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டி, தயாரிப்பு நிலையில் 80 டெசிபலுக்கு மேல் சத்தமிடக் கூடாது என்பது விதி. ஓடும் வண்டிக்கு 7.5 மீட்டர் தள்ளி ஒலிவாங்கியை வைத்து அதை அளக்கின்றனர். நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இந்த ஆலைகளில் எட்டு மணி நேரம் நின்று, அந்த அளவுக்குள் அடங்கும் வண்டிகளைப் பூட்டித் தருகின்றனர். ஷிப்ட் முடிந்து வெளியே வந்து, அந்த அளவைக் கழற்றி எறிந்த வண்டியில் வீடு திரும்புகின்றனர். “புல்லட் என்றாலே சத்தம்தானே ஹஜ்ரத்” என்பார்கள். ஆலையிலிருந்து வரும் புல்லட்டும் அந்த 80க்குள் அடங்கித்தான் வருகிறது. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாகக் கேட்கும் என்பது ஒலியியலின் பொதுக் கணக்கு.

அந்தச் சத்தம் யார் மீது விழுகிறது? வேறு ஊர்களில் இரவுச் சத்தம்தான் தொல்லை. இங்கே பகல் சத்தமும் அதே அளவு தொல்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகல் பதினொரு மணிக்கு ஆழ்ந்து உறங்குபவர். ஒரே அறையில் மூவர் நால்வராகத் தங்கி, முறைவைத்து உறங்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். எந்த நேரத்தில் கடந்து போனாலும் அங்கே உறங்கும் யாரோ ஒரு பெண்பிள்ளை இருப்பாள். உறக்கம் கலைந்து அடுத்த ஷிப்டுக்குப் போகிறவர் நிற்பது பிரஸ் இயந்திரத்தின் முன்னால். இங்கே உறக்கக் கேடு விரலைப் பறிக்கும் கேடாகவும் ஆகலாம்.

அல்லாஹ் தன் அத்தாட்சிகளை எண்ணிக் காட்டும் அர்ரூம் அத்தியாயத்தில், இரவில் உறங்குவதை மட்டுமன்றிப் பகலில் உறங்குவதையும் சேர்த்தே குறிப்பிடுகிறான் (30:23). ஷிப்ட் முறையில் வாழும் நம் பகுதிக்கு இந்த வசனம் எவ்வளவு நெருக்கமானது! பகலில் உறங்குபவரைச் சோம்பேறி என்று எண்ணும் பழக்கம் நம்மில் மூத்தவர்கள் சிலரிடம் இன்னும் உண்டு. அதுவும் மாற வேண்டும்.

மிக்தாத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் இரவில் வீட்டுக்குள் வரும்போது, விழித்திருப்பவருக்குக் கேட்கும்படியும் உறங்குபவர் எழுந்துவிடாதபடியும் ஸலாம் சொல்வார்கள். ஸலாம் என்பது துஆ. அந்த துஆவையே உறங்குபவரின் காதுக்கு அளந்து சொன்னார்கள். அபூதாவூதில் இன்னொரு செய்தி: பள்ளியில் இஃதிகாஃப் இருந்தபோது, மக்கள் சத்தமாகக் குர்ஆன் ஓதுவதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கி, ஒருவருக்கொருவர் தொல்லை தராதீர்கள், ஓதுவதில் ஒருவர் மீது ஒருவர் குரலை உயர்த்தாதீர்கள் என்று தடுத்தார்கள். (இதை எழுதும்போது நம் பள்ளிகளின் வெளி ஒலிபெருக்கிகளும் நினைவுக்கு வருகின்றன. பாங்கைத் தவிர மற்றவற்றுக்கு அவற்றைப் பயன்படுத்தும் நிர்வாகிகள் இந்த ஹதீஸைத் தங்களுக்கும் உரியதாக எடுத்துக்கொள்ளலாம்.) இறைவேதம் ஓதும் குரலுக்கே எல்லை உண்டென்றால், வெற்றுக்குழாயின் ஓசைக்கு எந்த வாதம் துணை நிற்கும்?

வாகனத்தைப் பற்றியே ஒரு செய்தி உண்டு. அரஃபாவிலிருந்து திரும்பும்போது பின்னால் ஒட்டகங்களை அதட்டி அடித்து விரட்டும் பெருஞ்சத்தம் கேட்டது. நபி (ஸல்) அவர்கள் சாட்டையால் சைகை காட்டி, அமைதியாக வாருங்கள், விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்று உணர்த்தினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. அது ஹஜ்ஜின் பயணம். நாமோ ஷபே பராஅத் இரவில் கபரஸ்தானுக்குப் போகும் வழியிலேயே சைலன்சரை முழங்கவிடுகிறோம். தில்லியில் அந்த இரவுக்கு முன் காவல்துறையும் உலமாக்களும் இளைஞர்களிடம் வேண்டுகோள் விடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த நிலை இந்தச் சாலைக்கும் வந்துவிடக் கூடாது.

சட்டத்தின் நிலையையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை உரிமையாளர் தாமாக மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்திற்குப் பின், அவ்வாறு மாற்றியவருக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி, புகை அளவுகளை மீறி ஓட்டினால் 190ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் இழப்பு. கர்நாடகத்திலும் மராட்டியத்திலும் காவல்துறையினர் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றிய படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

என்னை இதைவிட அதிகமாக உறுத்துவது புகைச் சான்றிதழ். சத்தம் காதுக்குத் தெரிகிறது, புகை தெரிவதில்லை. பல வண்டிகளில் நச்சுப்புகையைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி, சைலன்சருக்குள்ளோ அதற்கு முந்தைய குழாயிலோ பொதிந்திருக்கும். சைலன்சரோடு அதுவும் பரணுக்குப் போய்விடுகிறது. வெடிச்சத்தம் நிற்கட்டும் என்று மெக்கானிக் பெட்ரோலைக் கூட்டிவைக்கும்போது, கார்பன் மோனாக்சைடும் கூடுகிறது. வண்டி ‘சரியாக’ ஓடுகிறது. தெரு அதைச் சுவாசிக்கிறது. 2000 மார்ச் 31க்குப் பின் தயாரான நான்கு ஸ்ட்ரோக் கார்பரேட்டர் வண்டிகளுக்கு, ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3.5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றனர். சோதனை நாளன்று பழைய சைலன்சரை மாட்டி, திருகை உள்ளே திருப்பிப் பெட்ரோலைக் குறைத்து, சான்றிதழ் வாங்கிக்கொண்டு, மாலையிலேயே பழையபடி மாற்றிவிடுவது.

மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டது. ஈரத்தை அடியிலும் காய்ந்ததை மேலும் வைத்திருந்த வியாபாரியிடம், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றார்கள். சைலன்சரை மாற்றுவது ரசனைக் கோளாறு என்று ஒருவர் வாதிடலாம். சான்றிதழுக்காக ஒரு நாள் மட்டும் மாட்டிக் கழற்றுவதற்கு எந்த வாதமும் இல்லை. அது அந்த ஈரத் தானியமேதான். இதில் மெக்கானிக்குக்கும் பங்குண்டு. “நான் செய்யாவிட்டால் பக்கத்துப் பட்டறையில் செய்துகொள்வார்” என்ற பதிலைக் கேட்டிருக்கிறேன். வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பதை அறிவேன். ஆயினும் பாவத்தில் துணைபோகாதிருக்கும் கட்டளை (5:2) பக்கத்துப் பட்டறையைக் காரணமாக ஏற்றுக்கொள்வதாகத் தெரியவில்லை. ட்யூனிங் தெரிந்த கைக்கு இந்தச் சாலையில் வேறு வேலைக்குப் பஞ்சமும் இல்லை.

ஓசையும் வேகமும்தான் ஆசை என்றால் அதற்குரிய இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒருகாலத்தில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் நடக்கின்றன. பந்தயக் குழாய்க்கு ஏற்ப ஜெட் மாற்றுவதும், ஒரு சுற்று ஓடிவந்து பிளக் பார்ப்பதும் அங்கே ஒரு கலை. பாதுகாப்பு உடையும் வேலியும் மருத்துவ வண்டியும் சூழ, விரும்பி வந்தவர்களின் காதில் மட்டும் விழும் சத்தம் அது. இயந்திர ஆர்வமுள்ள பிள்ளையைத் திட்டுவதற்குப் பதில், ஒருமுறை அங்கே அழைத்துச் சென்று காட்டுங்கள் என்று தந்தையரிடம் சொல்லிவருகிறேன். 346 சி.சி. புல்லட்டில் வெற்றுக்குழாய் கூட்டும் சக்தி எவ்வளவு அற்பம் என்பதை, மெய்யான பந்தய வண்டியைப் பார்த்த பிள்ளை தானாகவே புரிந்துகொள்வான்.

சைலன்சரைத் திரும்ப மாட்ட முடிவுசெய்யும் சகோதரர்களுக்கு ஒரு செய்தி, மாட்டினால் மட்டும் போதாது. வெற்றுக்குழாய்க்காகப் பெரிதாக்கிய ஜெட் அப்படியே இருந்தால், இப்போது பெட்ரோல் மிகுந்துவிடும். கரும்புகை வரும், பிளக் அடைக்கும், மைலேஜ் விழும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். ஆகவே மெயின் ஜெட், பைலட் ஜெட், நீடிலின் படி, பைலட் திருகின் சுற்று ஆகிய நான்கையும் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பரணில் கிடந்த சைலன்சரின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கேஸ்கெட்டைப் புதிதாக வாங்குங்கள். கழற்றிய பழைய ஜெட்டைச் சில பட்டறைகளில் டப்பாவில் போட்டு மறந்துவிடுகின்றனர். அது கிடைக்காவிட்டால், உங்கள் வண்டியின் மாடலையும் ஆண்டையும் சொல்லி, நிறுவனத்தின் உதிரிபாகக் கடையில் அதே எண்ணுள்ள ஜெட்டைக் கேட்டு வாங்குங்கள். கார்பரேட்டரில் ஏற்கெனவே மாட்டியிருப்பதைப் பார்த்து அதே எண்ணை வாங்கிவிடாதீர்கள். அது மாற்றப்பட்ட எண்.